ஒரு நூல்கூட ஆடக்கூடாது

"மச்சான், இறக்கையில கை வைக்காதே! வயித்துக்கு அடியில கை குடுத்துத் தூக்கு. மூச்சைப் பிடிச்சுக்கோ."

"நான் எதுக்கு அத்தான் மூச்சைப் பிடிக்கணும்? பறக்கப் போறது அதுதானே?" என்றான் மச்சான்.

"பறக்கறதா? இது நிக்கறதுக்குச் செஞ்சது. தூக்கு."

கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை இறக்கை விரித்துக் கிடந்தது அத்தானுடைய மாதிரி விமானம். லேசான மரத்தில், ஜன்னல் ஜன்னலாகச் செதுக்கிச் செய்தது. சோபா வாசல் திண்ணைக்குப் போய் வெகு நாளாயிற்று. போன மாதம் பழைய ஸ்டாண்டு சாய்ந்து விமானம் மூக்குக் குப்புற விழுந்தபோது, அவர் சாப்பாட்டையே விட்டுவிட்டார். தெருவில் அவருக்கு 'ஸ்பேனர்' என்றுதான் பெயர். நேரில் பார்த்தால் மட்டும் 'சார்' சேர்த்துக்கொள்வார்கள்.

இன்று புது ஸ்டாண்டு. கனமான அடிப்பலகை, அதில் இரண்டு இரும்புக் குழாய்கள், குழாய் உச்சியில் விமானத்தின் வயிற்றைத் தாங்க ரப்பர் சுற்றிய கவைகள். பலகையைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டாயிற்று. வீட்டை விற்றால் ஸ்டாண்டையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும். இதற்காகவே காலையில் வேலைக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்திருந்தார்.

"ஏங்க, நான் கிளம்பிட்டேன்." பெட்டியோடு வந்து நின்றாள் மனைவி. "நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷனே தங்கச்சிக்குத்தான். உள்ளே கொண்டு போறதுக்குள்ள நான் பக்கத்துல இருக்கணும். போன்ல ஒரே அழுகை."

"தாராளமா போயிட்டு வா. பஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ்ல போனா ஆபரேஷன் முடிஞ்சுதான் போய்ச் சேருவேன். தம்பி ப்ளேன்ல டிக்கெட் போட்டுட்டான். சாயங்காலம் கிளம்புதே, அதுல."

"கடைசி சீட்டு அத்தான். கிடைச்சதே பெரிய விஷயம்" என்றான் மச்சான் பெருமையாக.

கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவர் கால்விரலில் விழுந்தது. மனிதர் கத்தக்கூட இல்லை.

"பஸ்லயே போயேன்" என்றார் குனிந்தபடி. "பஸ்தான் நல்லது. ஜன்னலைத் திறந்து வச்சுக்கலாம்."

"வீட்டுக்குள்ள இவ்வளவு பெரிய ப்ளேனை நிறுத்தி வச்சுக்கிட்டு, பொண்டாட்டியைப் பஸ்ல அனுப்பற மகராசன் நீங்க ஒருத்தர்தான்! என் பக்கத்துச் சொந்தம்னாலே உங்களுக்கு இளக்காரம். இந்தப் பொம்மை விழுந்ததுக்குப் பட்டினி கிடந்தீங்களே, என் தங்கச்சி விழுந்து கிடக்கா, ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் ஸ்பேனரை எடுத்து, கவைகளில் ஏறி உட்கார்ந்துவிட்ட விமானத்தின் கடைசி நட்டை முடுக்கினார். மச்சான் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நாய் மாதிரி வந்து இடி."

"என்னது?"

"பக்கத்து வீட்டு நாய் உள்ளே ஓடி வந்தா எப்படி இடிக்கும்? அப்படி இடி."

படித்து நல்ல உத்தியோகத்தில் இருக்கும் மச்சான், நாலு காலில் வந்து தோளால் ஸ்டாண்டை இடித்தான். அவர் தரையோடு தரையாகப் படுத்து இறக்கை நுனியைப் பார்த்தார்.

"ஒரு நூல் அளவு ஆடுது. எல்லா நட்டையும் கழட்டு. முதல்லேருந்து மாட்டலாம்."

"அத்தான், நேரமாச்சு! அக்காவை ஏர்போர்ட்ல விட வேண்டாமா?"

"பாதுகாப்பு விஷயத்துல அவசரமே கூடாது மச்சான். ஒரே ஒரு நட்டு லூசா இருந்தா போதும், மொத்தமும் போச்சு. ஒவ்வொண்ணையும் கையால தொட்டுப் பாக்கணும். தூரத்துல நின்னு 'எல்லாம் சரி'ன்னு சொல்றவனெல்லாம்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க தொட்டுக்கிட்டே இருங்க. நான் டாக்சி பிடிச்சுப் போயிக்கறேன்." அவள் பெட்டியைத் தூக்கினாள்.

அவ்வளவுதான். ஸ்பேனரும் கையுமாக ஓடிப்போய் வாசல் கதவை மறித்து நின்றார். "கார்ல போகலாம். நானே ஓட்டறேன். ராத்திரி பூரா ஓட்டறேன். விடியறதுக்குள்ள உன் தங்கச்சி முன்னாடி கொண்டுபோய் நிறுத்தறேன்."

கறிகாய் வாங்கக்கூடக் காரை எடுக்காத மனுஷன். மனைவிக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"நீங்க ஓட்டற லட்சணத்துக்கு சைக்கிள்காரன் மணியடிச்சு முந்திக்கிட்டுப் போவான். விடுங்க, நான் ப்ளேன்லதான் போவேன்."

"வேண்டாம். சொன்னாக் கேளு."

"ஏன்? காரணம் சொல்லுங்க, கேக்கறேன்."

"காரணமெல்லாம் கேக்காதே."

"உங்க பொம்மையோட ஒரு நட்டுமேல இருக்கற அக்கறைகூட என்மேல இல்லை!" அவள் கண் கலங்கிவிட்டது. "அந்த ப்ளேன் நிறைய ஜனம் போகுது. கைக்குழந்தையை வச்சுக்கிட்டுப் போறாங்க. அவங்களுக்கு இல்லாத ஆபத்து எனக்கு மட்டும் என்ன வந்துச்சாம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்களுக்கு விஷயம் தெரியாது. ஸ்டாண்டு வேலைக்கு நேரமாகுதேன்னு, காலை டூட்டியில அந்த ப்ளேன் பக்கத்துலகூடப் போகாம, 'எல்லாம் சரி பார்த்தாச்சு, பறக்கலாம்'னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தவனே நான்தானே!"