அவிழ்த்துக் கட்டுங்க

விமானப் பட்டறைக்குப் புதிதாக வந்த மேலதிகாரிக்கு முதல் நாளே ரத்தம் கொதித்தது.

என்ஜினுக்கு எரிபொருளை அளந்து விடும் கருவி பழசாகிவிட்டதென்று கழற்றி, புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார் மெக்கானிக் அம்மாள். முப்பது வருட சர்வீஸ். சோதிக்க வந்ததோ நேற்று முளைத்த ஒரு பெண் இன்ஸ்பெக்டர். டார்ச் அடித்து, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"போல்ட்டுக்குக் காவல் கம்பியைத் தப்புப் பக்கமா இழுத்திருக்கு. நடுவானத்துல போல்ட்டு கழண்டுடும். யார் கட்டினது?"

"நான்தான் மேடம்."

"அவிழ்த்துக் கட்டுங்க."

கட்டினார்.

"கம்பியில முறுக்கு பத்தலை. மறுபடியும்."

மூன்றாவது தடவைதான் அவளுடைய ஒப்புதல் முத்திரை விழுந்தது.

அதிகாரி அம்மாளைத் தனியே அழைத்தார். "உங்க வயசுக்காவது மரியாதை வேணாமா? ஒரு வரி புகார் எழுதிக் குடுங்கம்மா. இன்னிக்கே அந்தப் பொண்ணோட முத்திரையைப் பிடுங்கிடறேன்."

அம்மாள் பதறிப்போனார். "ஐயையோ, வேணாம் சார்! அவ சொன்னது ரெண்டும் தப்புதான். அதுவுமில்லாம, அவ என் மருமக."

"மருமகளா! மாமியாரையா இந்த விரட்டு விரட்டறா?"

"வீட்டுல அவ கழுவின தட்டை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, திருப்பிக் கழுவச் சொல்றவ நான். எட்டு வருஷமா அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. அந்தக் கோபமெல்லாம் இங்கேயே இறங்கிடறதாலதான் பிளேனும் பத்திரமா இறங்குது, எங்க வீடும் நிம்மதியா இருக்கு. கெடுத்துடாதீங்க சார்!"