வெட்டாத பட்டை

கோயில் மணி அடித்தபோது பிரேமலதா ரப்பர் மரத்தின் முன் முழந்தாளிட்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

கையில் செபமாலை இல்லை. பால் வெட்டும் கத்தி.

ரம்புக்கனையிலிருந்து ஃபாதர் தோட்டத்துக்கு வருவது மாதத்தில் ஒரு ஞாயிறுதான். அன்று பால் வெட்டு கிடையாது, மலையில் ஆளும் கிடையாது. காய்ச்சல் என்று பொய் சொல்லி மகள் சுமித்ராவை மட்டும் பூசைக்கு அனுப்பியிருந்தாள்.

அடிப்பக்கம் இன்னும் வெட்டாத பட்டையாகப் பார்த்துக் கத்தியைக் கட்டைவரை இறக்கினாள். மேலாகச் சீவினால் பால் வரும். உள்ளே கட்டையில் பட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்து கெட்டுப்போகும், பிறகு வருஷக்கணக்கில் வெட்ட முடியாது. கூடப் பால் வெட்டும் லூர்தம்மா இருபத்தாறு வருஷமாக ஒரு முடிச்சு விழாமல் வைத்திருந்த மரங்கள் அவை.

நேற்று பால் அளக்கும் ஸ்டோரில் வேலுசாமி கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"லூர்தம்மாவுக்கு ரெண்டு வாளி, ஒனக்கு அரை வாளி. ஏன் புள்ள, ஒன் மரம் பால் குடுக்குதா, கண்ணீர் விடுதா?"

"அவங்களுக்கு நல்ல மரமாப் பாத்துக் குடுத்துட்டு எங்கிட்ட கேளுங்க!"

"ஒனக்கும் அதே வயசு மரந்தான். நீதான் அவசரத்துல கொதறி வச்சிருக்க."

ஸ்டோரே சிரித்தது. அதைக்கூட விழுங்கிவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை சுமித்ராவுக்குப் பால் வெட்டு வேலைக்குப் பேர் பதிவு. காலியாக இருப்பது கல்லுமலை மரங்கள்தான். போன மழையில் அங்கே ஒருத்தி வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள்.

வெட்கத்தை விட்டு லூர்தம்மாவிடமே கேட்டாள். "அக்கா, ஒங்களுக்கு அறுவது ஆகப்போகுது. புள்ளயா, குட்டியா? அந்த மரத்த எம் மகளுக்கு விட்டுக் குடுங்களேன்."

லூர்தம்மா வாளியைக் கழுவிக்கொண்டே, "நாளைக்குப் பூசை முடியட்டும் புள்ள, பேசுவோம்" என்றாள்.

பூசையாம்! இல்லை என்று சொல்வதற்கு ஆண்டவரையா துணைக்குக் கூப்பிட வேண்டும்?

முப்பதாவது மரம். முப்பத்தோராவது.

"எம் புள்ளைக்குக் கெடைக்காதது எவளுக்கும் வேணாம்." வாய்விட்டே சொல்லிக் கீறினாள். பால் வெள்ளையாக வேர்வரை வழிந்தது.

கீழே சருகு மிதிபட்டது. கத்தியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு எழுந்தாள்.

சுமித்ரா. பூசைக்குப் போட்ட புதுச் செருப்பைக் கையில் பிடித்தபடி, மூச்சிரைக்க மேடேறி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"இங்க எதுக்குடி வந்த?"

"லூர்து பெரியம்மா இன்னையோட வேலைய விடுறாங்களாம்! கோயில் வாசல்லயே கங்காணியக் கூப்பிட்டு, அவங்க மரத்த எனக்கே குடுக்கச் சொல்லிட்டாங்க. எம் மரத்தப் பாக்கத்தாம்மா வந்தேன்!"