பீன்ஸுக்குக் கட்டிய கயிறு

கயிறுகள் மறுபடியும் விறைத்து நின்றன.

நேற்றுச் சாயங்காலம்தான் புனிதன் அவற்றை அவிழ்த்துத் தொய்வாகக் கட்டியிருந்தான். அடுப்படிச் சுவரில் அடித்த ஆணிகளிலிருந்து சரிவோரம் ஊன்றிய குச்சிகள் வரைக்கும் மூன்று கயிறுகள். இப்போது ஈரத்துணியே காயப்போடலாம், அவ்வளவு இறுக்கம்.

அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தேயிலை லோரி ஓட்டிய கை. ஒரு கீரைத்தண்டுகூட வளர்த்து அறியாதது. கம்போங் ராஜா சந்தையிலிருந்து பீன்ஸ் விதை வாங்கி வந்தபோது தோட்டத்து லயமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த கிழட்டுத் தேயிலைச் செடிகளை வேரோடு பெயர்த்தான். லேசில் வரவில்லை அந்த வேர்கள். கடப்பாரைக்குத்தான் மசிந்தன. சரிவை வெட்டிச் சமமாக்கிப் பாத்தி கட்டினான்.

அன்று பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. இந்த மழையிலும் கொடி இந்த இழு இழுக்கிறது என்றால் மண்ணைச் சொல்வதா, கைராசியைச் சொல்வதா?

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நளினி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள்.

"பெத்த பிள்ளைய ஒரு நாளாச்சும் இப்படி ஆசையா பாத்திருக்கீங்களா? டீ ஆறுது, வாங்கலா!"

அவன் சிரித்துக்கொண்டே கயிற்றைத் தளர்த்தக் குனிந்தான். கொடி அறுந்துவிடக் கூடாதே.

முதல் கயிற்றில் கொடி முழ உயரம் ஏறியிருந்தது. அடுத்ததில் இப்போதுதான் சுற்றத் தொடங்கியிருந்தது. மூன்றாவதில் கை பட்டதும் அது பட்டென்று அறுந்து அவன் கன்னத்தில் அடித்தது.

கன்னத்தைத் தடவியபடி அதன் அடியைப் பார்த்தான்.

அங்கே கொடியே இல்லை. அந்தக் குழியில் போட்ட விதை முளைக்கவே இல்லை.

அப்படியானால் இதை இழுத்தது எது?

குச்சி நட்டபடி நேராகத்தான் நின்றது. ஆனால் சுவரோரமாக மண்ணில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரல் நுழையும் அகலம். மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விரிசல் எங்கே முடிகிறது என்று பார்த்தான். முடியவில்லை. அடுப்படிப் படிக்குக் கீழே நுழைந்து வீட்டுக்குள் போயிருந்தது.

 பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே ஓடி வரச் சொல்லிக் கத்தினான்.

பின்கதவு உள்ளிருந்து குலுங்கியது. திறக்கவில்லை. நளினி முன்வாசலுக்குப் போகும் காலடி கேட்டது. அங்கேயும் தடதடவென்று குலுக்கும் சத்தம். பிறகு அவள் நிதானமாக ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள்.

"மழைக்குக் கதவு ஊறிப்போச்சு போலங்க. ரெண்டுமே தொறக்க மாட்டேங்குது."

அவள் குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.