மகாராணியின் கையெழுத்து

மகாராணி தன் மச்சாளின் மரண உத்தரவில் கையெழுத்து வைத்தாள். மையை ஊதிக் காயவைத்து உத்தரவை நீட்டினாள்.

"கொண்டு செல், டேவிசன்! இனி இந்தச் செய்தி என் செவிக்கு வரலாகாது!"

"கிரீடம் சரியுது, அக்கா," என்றார் டேவிசன்.

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு தேவாலய மண்டபத்தைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்து, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முதலாம் எலிசபெத்தாகத் தவநாயகி. பதினான்கு வருடமாக அவர்தான் சங்கத் தலைவி. வேறு யார் மகாராணியாக நடிப்பது?

நாடகத்தை எழுதியவர் சங்கச் செயலாளர் சச்சிதானந்தன், பள்ளிக்கூடமொன்றில் சரித்திரம் படிப்பிப்பவர். ராணியின் செயலாளர் டேவிசனாகவும் அவரே நடித்தார். ஸ்கொட்லாந்து ராணி மேரி உண்மையில் எலிசபெத்துக்கு அத்தையின் பேத்தி. மச்சாள் என்றால்தான் எங்கள் சனத்துக்கு உறைக்கும் என்று மாற்றிவிட்டிருந்தார்.

தேநீர் இடைவேளையில் தவநாயகி கிரீடத்தைக் கழற்றாமலே அவரை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார். கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கையெழுத்திட்டு உறைக்குள் வைத்தார். இது நாடகக் கடிதமல்ல.

குமுதினியைச் சங்கத்திலிருந்து நீக்கும் கடிதம். குமுதினி, தவநாயகியின் புருஷனுக்குச் சொந்தத் தங்கை. போன கூட்டத்தில் எழும்பி நின்று, "இந்த முறையாவது எலெக்சன் வைப்பமே?" என்று கேட்டதுதான் அவள் செய்த குற்றம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"தம்பி, இதை வைச்சிரும்," என்றார் தவநாயகி.

"போஸ்ட் பண்ணவோ, அக்கா?"

"நான் அப்படிச் சொன்னனானே? வைச்சிரும் எண்டுதான் சொன்னனான். மிச்சம் உமக்கு விளங்கும்தானே."

சச்சிதானந்தன் உறையைக் கோட்டின் உள்பையில் வைத்தார். அவருக்கு முன்பு செயலாளராக இருந்த மூன்று பேரும் கெட்ட பெயரோடுதான் வெளியே போனார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியொரு நல்ல சங்கம்.

அடுத்த சனிக்கிழமை கடைசிக் காட்சிக்கு ஒத்திகை. மேரியின் தலை போயாயிற்று. பழி தன்மேல் வரும் என்று தெரிந்ததும் ராணி, உத்தரவை அனுப்பச் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்து, செயலாளரைப் பிடித்துச் சிறையில் போடுகிறாள்.

தொடங்குமுன் தவநாயகி குரலைத் தாழ்த்தினார். "அந்த அலுவல் முடிஞ்சுதோ?"

"எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரித்தான், அக்கா."

அன்றும் அவர் அதே கோட்டைத்தான் போட்டிருந்தார்.

"துரோகி!" என்று மகாராணி கத்தத் தொடங்கவும் மண்டபக் கதவு படாரென்று திறக்கவும் சரியாக இருந்தது. வாசலில் குமுதினி. முகம் கடுகடுவென்றிருந்தது. கையில் ஓர் உறை, மூலையில் மஞ்சள் பட்டிருந்தது. சமைத்த கையோடு ஓடி வந்திருப்பாள்.

"மச்சாள், உங்களோட ஒரு கதை," என்றாள், சிரிப்பில்லாமல்.

மண்டபத்தில் இருந்த இருபது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தவநாயகி முந்திக்கொண்டார். அந்த விஷயத்தில் அவரை வெல்ல ஆளில்லை.

"மச்சாள், சத்தியமா நான் அனுப்பச் சொல்லேல்லை! உம்மைச் சங்கத்தால நீக்கிற கடிதத்தை இந்த மனுசன் என்னைக் கேக்காமல் போஸ்ட் பண்ணிப் போட்டுது. கையெழுத்து என்ரதான். ஏதோ கோவத்தில வைச்சனான். பிறகு யோசிப்பம் எண்டு, வைச்சிருக்கத்தான் குடுத்தனான்!"

அதே வேகத்தில் சச்சிதானந்தனை நோக்கி விரலை நீட்டினார். "இண்டையோட நீர் செயலாளர் இல்லை! வெளியில போம்!"

ஒரு ஒத்திகையிலும் அவர் இவ்வளவு நன்றாக நடித்ததில்லை. நாலைந்து பேர் சச்சிதானந்தனை முறைக்கவும் தொடங்கிவிட்டார்கள். அவரோ நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னை நீக்கிற கடிதமோ?" என்றாள் குமுதினி. கையிலிருந்த உறையை ஒருமுறை பார்த்தாள். "இது மகள் பெரியபிள்ளை ஆனதுக்கு வைக்கிற சாமத்திய வீட்டுக் காட். லெட்டர் பொக்ஸுக்குள்ள போட்டிட்டுப் போற விசயமே இது? நேரில சொல்லவெண்டு உங்கட வீட்டுக்கு ரெண்டு தரம் வந்தனான். உள்ளுக்க இருந்துகொண்டு கதவு திறக்கேல்லை நீங்கள்."

யாரோ இருமினார்கள்.

"உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு விருப்பமும் இல்லை. அவளுக்கு மாமியெண்டு நீங்கள் ஒராள்தான். அதுக்காக வந்தனான்." அழைப்பிதழ் உறையை மண்டபத்துப் பியானோவின் மேல் வைத்தாள். "இப்ப சொல்லுங்கோ, எந்தக் கடிதம்? எனக்கு ஒண்டும் வரேல்லையே."

அப்பிய வெள்ளைப் பவுடரையும் மீறி மகாராணியின் முகம் கறுத்தது. இருபது பேரின் பார்வையும் சச்சிதானந்தனிடமிருந்து மெல்லத் திரும்பித் தவநாயகியின் மேல் வந்து நின்றது.

"அப்ப... அந்தக் கடிதம்?" என்றார் தவநாயகி.

சச்சிதானந்தன் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டார். முத்திரைகூட ஒட்டாத உறையை எல்லோரும் பார்க்க வெளியே எடுத்து நீட்டினார்.

"வைச்சிருக்கச் சொன்னனீங்கள், வைச்சிருக்கிறன், அக்கா."