தினம் ஒரு மீன்

"சத்தியமா சொல்றேன் டாக்டர், இதுல ஒரு எழுத்து கூடப் பொய் கிடையாது" என்று வலது கையை உயர்த்தினார் ஐனார். "போன செவ்வாய்க்கிழமை ஒரு மீன் மாட்டுச்சு. நான் அதை இழுக்கல. மீன் பிடிக்க ஏரி ஐஸ் மேல போட்டிருக்கிற என் குடிசையையே அது பாதி ஏரி தூரம் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. நான் உள்ளே உக்காந்து காபி குடிச்சிட்டே போனேன்."

"அப்பா, வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டீங்களா இல்லையா?" என்றாள் மகள் கிர்ஸ்டன். அதைக் கேட்பதற்கென்றே அரிசோனாவிலிருந்து மினசோட்டாவுக்குப் பறந்து வந்திருந்தாள்.

இலையுதிர் காலத்து ரத்தப் பரிசோதனையில் அவருடைய வைட்டமின் டி அதலபாதாளத்தில் கிடந்தது. இன்றும் அப்படியே இருந்தால், பனி உருகும்வரை அரிசோனா வெயிலில் மகள் வீட்டு வாசம் என்று ஏற்பாடு. உறைந்த ஏரியையும் தூண்டிலையும் விட்டுப் போவதற்கு ஐனார் செத்தே போகலாம்.

"மாத்திரையெல்லாம் கிழவனுங்களுக்கு. எனக்கு எழுபத்தெட்டுதானே ஆகுது? தினம் ஒரு மீன். அதுலயே வேண்டிய வைட்டமின் டி இருக்கு. பிடிச்ச இடத்துலயே வறுத்துத் தின்னுடுவேன்."

"அதான் வீட்டுக்கு ஒரு செதில் கூட வந்ததில்ல" என்றாள் மனைவி இங்கா, பின்னிக்கொண்டிருந்த கையுறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் ரூத் கணினித் திரையைப் பார்த்தார். "நல்லா ஏறியிருக்கு. இருக்க வேண்டிய அளவுல இருக்கு."

ஐனாருக்கே தூக்கிவாரிப் போட்டது. முகத்தில் காட்டவில்லை. "நான்தான் சொன்னேனே."

கிர்ஸ்டன் விடவில்லை. "இவரை நம்ப முடியாது டாக்டர். மாசத்துக்கு ஒண்ணுன்னு பெருசா ஒரு மாத்திரை கொடுத்துடுங்களேன்."

"மொத்தமா ஒரே நாள்ல கொட்டறதை விட, தினம் கொஞ்சமா உள்ளே போறதுதான் நல்லது. தினமும் விடாம நடக்குதில்ல?"

"ஒரு நாள் தவறல" என்றாள் இங்கா.

"கேட்டியா? உங்கம்மாவே சாட்சி சொல்லிட்டா" என்று நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார் ஐனார். "நான் நேரா ஏரிக்குப் போறேன்."

"பிளாஸ்க்கை விட்டுட்டுப் போகாதே" என்று காபியை அவர் கையில் திணித்தாள் இங்கா.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஐனாரின் தூண்டிலில் ஒரு மீன் கூட விழவில்லை. விழுந்ததெல்லாம், டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் சொட்டு, தினமும் அந்த பிளாஸ்க்குக்குள்.