பின்பக்கம் பார்த்த ஸ்பீக்கர்

“ரெண்டு ஸ்பீக்கரையும் பின்பக்கம் பார்த்து வைக்கணுமா? எவன்டா அப்படி வைப்பான்?”

ஸ்க்ரூடிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு சிரித்தார் ஒகுட்டு. கென்யாவின் கிசுமு நகரில் வாடகை பைக் ஓட்டுகிற பையன்களுக்கெல்லாம் பாட்டுப்பெட்டி மாட்டித் தருகிறவர் அவர்தான்.

“நாளைக்கு நைரோபியில இருந்து என் தம்பி இவான்ஸ் கார்ல வரான்ணே. எங்க ஸ்டாண்டு வண்டி அத்தனையும் தழை கட்டிக்கிட்டு முன்னால போகும். பாட்டு பின்னால வர்ற அவனுக்குல்ல கேக்கணும்,” என்றான் கால்வின்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வண்டியில் இருந்த பழைய பாட்டுப்பெட்டியைத்தான், தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட கொசு என்று இவான்ஸ் கேலி செய்தான். அடுத்த தடவை நீ வரும்போது ஊரே அதிரும் பார் என்று கால்வின் சவால் விட்டிருந்தான். அந்த வாக்காவது பொய்க்கக் கூடாது என்று இருந்தது அவனுக்கு.

அவன் நீட்டிய காசைப் பார்த்து ஒகுட்டு உதட்டைப் பிதுக்கினார். “இதுக்கு ஆம்ப்ளிஃபயர் கனவுலதான் வரும்.”

“இருந்ததையெல்லாம் போட்டு அவனுக்கு ஒரு சூட் எடுத்துட்டேன்ணே.”

“நைரோபியில சம்பாதிக்கிறவனுக்கு நீ சூட்டா? ஓஹோ, மாப்பிள்ளையா வரானா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

கால்வின் குனிந்து, கழற்றிப் போட்ட ஒயரைச் சுருட்டினான்.

ஒகுட்டுவுக்கு மனசு இளகிவிட்டது. ஆள் ஏற்றி ஓடிய பழைய மட்டாட்டு வேனிலிருந்து எடுத்து வைத்திருந்த இரண்டு ஸ்பீக்கர்களைத் துடைத்து மாட்டினார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் போன ஆம்ப்ளிஃபயரை சீட்டுக்கடியில் திணித்தார். சுவிட்சைத் தட்டியதும் எதிர்க்கடை மீன்காரி காதைப் பொத்திக்கொண்டு திட்டினாள்.

“ஆம்ப்ளிஃபயருக்குக் காசு வேணாம். கல்யாணத்துக்கு என் மொய்னு வெச்சுக்க.”

கால்வின் காசை அவர் கையில் திணிக்கப் பார்த்தான். அவர் தட்டிவிட்டார்.

“பேட்டரி சின்னது. இன்ஜினை அணைச்சா பாட்டும் படுத்துடும், பாத்துக்க.”

“வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அணைக்க மாட்டேன்ணே.”

“இன்னொண்ணு. கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசியில சொகுசா வந்தான்னா ஒரு எழவும் கேக்காது. கிசுமுக்குள்ள நுழைஞ்சதும் இறக்கச் சொல்லு உன் தம்பியை.”

கால்வின் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சவப்பெட்டியில வர்றவன் எப்படிண்ணே இறக்குவான்?”