வாளி வந்த விதம்

கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்த வெள்ளாடு ஒன்று, மேய்ந்துகொண்டே கம்பத்தை நான்கு சுற்று சுற்றிவிட்டது. கயிறு கம்பத்தில் சுருண்டு குட்டையாகிப் போனது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா ஒரு வாளி நிறையக் கழனித்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நல்ல வெயில். ஆட்டுக்கோ தொண்டை வறண்டு கிடந்தது. நாக்கை நீட்டியும் ஒரு முழம் எட்டவில்லை.

“கயிறு வெயில்ல சுருங்கிடுச்சு,” என்றது ஆடு, கண் பிதுங்க இழுத்துக்கொண்டே.

கம்பிமேல் உட்கார்ந்திருந்த மைனா சொன்னது: “அக்கா, வந்த வழியிலேயே திரும்பிச் சுத்துங்க. கயிறு நீண்டுடும்.”

“வாளி இந்தப் பக்கம் இருக்கு. என்னை அந்தப் பக்கம் போகச் சொல்றியே, உனக்கு மூளை இருக்கா? பேசாம இரு, நான் யோசிக்கிறேன்.”

ஆடு நெடுநேரம் யோசித்தது. வாளியில் ஈ மொய்க்க ஆரம்பித்தது.

மைனா பொறுத்துப் பார்த்தது. பிறகு இறங்கிவந்து, ஆட்டின் காதில் நறுக்கென்று ஒரு கொத்து கொத்திவிட்டு, கம்பத்தைச் சுற்றி எதிர்ப்பக்கமாக ஓடியது. ஆடு முட்ட வந்தது. விடாமல் நான்கு சுற்று துரத்தியது. மைனா பறந்துவிட, ஆட்டின் மூக்கு வாளியில் இடித்தது.

ஆடு ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு நிமிர்ந்தது.

“பாத்தியா, வாளி வந்துடுச்சு! எல்லாம் நான் யோசிச்சதுதான். நீயும் கத்துக்கோ. எந்நேரமும் ஓடிப்பிடிச்சு விளையாடிட்டே இருந்தா மூளை எங்கே வளரும்?”